ஒன்றாம் தேதி என்று ஐந்தாம் தேதி போட்டேன்

கம்ப்யூட்டரில் டேபிள் என்கிறோமே, அந்தப் பட்டியலில் ஒரு கட்டத்தில் இருக்கும் பழையதை அழித்துப் புதியதைப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் எழுந்து போய்த் தடுக்கத் தோன்றும். இந்த ஒரு மாதத்தில், கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாக வந்த உங்களில் நான்கு பேரை அப்படிப் பார்த்துவிட்டேன். பெயர் சொல்ல மாட்டேன். இங்கேயே ரிட்டயர் ஆனவனை ஆலோசகர் என்று கூப்பிட்டு வாரத்துக்கு இரண்டு நாள் உட்கார வைத்தால் இப்படித்தான், எல்லார் திரையையும் எட்டிப் பார்ப்பான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பழைய தகவலை ஏன் சார் கட்டிக்கொண்டு அழ வேண்டும், இடம்தானே வீண்?" என்று உங்களில் ஒரு பெண் கேட்டார். நல்ல கேள்வி. எனக்கும் இருபத்தைந்து வயதில் அதே கேள்வி இருந்தது. கூடவே கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது. அந்த மண்டைக்கனத்தால் ஒரு டிரைவரின் வேலை போகப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன், பிறகு நீங்களே இடத்தை மிச்சம் பிடியுங்கள்.

எண்பதுகளின் நடுவில் மதுரையில் இதே நம் பேருந்து நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள், அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும் என்று என்னை எடுத்திருந்தார்கள். அன்றைக்கெல்லாம் கம்ப்யூட்டர் அறை என்றால் ஏ.சி. உண்டு, திரைச்சீலை உண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வண்டிகளின் நேரத்தைக் கவனிக்கும் டிராஃபிக் மேனேஜரின் காலுறையில் ஓட்டை இருப்பது கம்பெனிக்கே தெரிந்தது கம்ப்யூட்டர் வந்த பிறகுதான்.

எந்த வண்டி எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்ற பட்டியல்தான் என் முதல் டேபிள். அதுவரை அதை ஒரு நீளமான பதிவேட்டில் ஒரு பெண் எழுதி வந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். எல்லாரும் அவரை ரிஜிஸ்டர் அக்கா என்பார்கள். ஒரு வண்டியின் நேரம் மாறினால், பழைய நேரத்தின் மேல் சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்கு அடியில் பழைய நேரம் பளிச்சென்று தெரியும். பக்கத்தில் புது நேரம், இரண்டு தேதிகள், ஒரு சுருக்கக் கையெழுத்து. சில பக்கங்கள் சிவப்புக் கோடுகளால் நிரம்பி அடிபட்ட முதுகு மாதிரி இருக்கும். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். என் திரையில் ஒரு வண்டிக்கு ஒரு வரி, அதில் ஒரு நேரம், அவ்வளவுதான். மாறினால் மேலேயே அடித்துவிடுவேன். எம்புட்டுச் சுத்தம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மூன்று மாதத்தில், இனி பதிவேடு தேவையில்லை என்று ஒரு குறிப்பு எழுதி நீட்டினேன். டிராஃபிக் மேனேஜர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். அக்காவைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். போகிற அன்றைக்கு அக்கா என் அறைக்கு வந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். போன தீபாவளிக்கு முந்தி இந்தச் சோழவந்தான் வண்டி எத்தனை மணிக்குக் கெளம்புச்சு?"

நான் கீ போர்டைத் தட்டினேன். திரையில் இன்றைய நேரம் வந்தது.

"இது இன்னைக்கு நேரம்ல," என்றார் அக்கா. "அன்னைக்கு நேரம் எங்க?"

இல்லை. அழித்தாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போனார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு வாரம் உட்கார்ந்து டேபிளைப் பிரித்துக் கட்டினேன். இனிமேல் நேரம் மாறினால் பழைய வரியை அழிக்காமல் அதில் 'முடிந்த தேதி' போடுவது, புது வரி சேர்த்து அதில் 'அமல் தேதி' போடுவது. எந்தத் தேதியைக் கேட்டாலும் அன்றைய நேரம் வந்து நிற்கும். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ம், பரவாயில்ல," என்றார். "ஆனா நான் ரெண்டு தேதி போடுவேன். இன்னொண்ணு எங்க?"

"அமல் தேதி இருக்குல்லக்கா. ஒரு மாத்தத்துக்கு எத்தன தேதி போடுறது?"

அவர், மாறிப் போன அன்றைக்கு என் அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்த சிவப்பு மைப் புட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதிவேட்டு வேலை போன கோபத்தில் எதையோ குறை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்ததாகத்தான் அந்த விவகாரம் வந்தது. ஆரப்பாளையத்தில் காலை ஐந்து ஐம்பதுக்குப் புறப்பட்டு, சமயநல்லூர் தாண்டிச் சோழவந்தான் போகிற வண்டி ஒன்று. சமயநல்லூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மில்லுக்குப் போகும் ஆட்கள் பாதிப் பேர் அதில்தான் போவார்கள். மில்லில் ஷிப்டு நேரத்தை மாற்றினார்கள். வண்டியை ஆறு ஐந்துக்கு எடுக்க முடியுமா என்று எங்கள் டிராஃபிக் மேனேஜருக்குப் போன் செய்தார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து எடுத்துவிடலாம் என்று அவர் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். மில்லில் அதை அறிவிப்புப் பலகையிலும் எழுதிவிட்டார்கள். இவர் போனை வைத்தார், மறந்துவிட்டார்.

ஒன்றாம் தேதி மில் விடுமுறை. இரண்டாம் தேதியும் மூன்றாம் தேதியும் ஆறு மணிக்கு நிதானமாக ஆரப்பாளையம் வந்த மில் ஆட்கள், வண்டி அப்போதே போய்விட்டதைக் கண்டு அடுத்த வண்டியில் போய் கேட்டில் நின்றார்கள். வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிட்டான். நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட புகார் நான்காம் தேதி எங்கள் முதலாளி மேசைக்கு வந்தது. மில்காரர்கள் சொந்த வண்டி விடப் போகிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள். முதலாளிக்கு யாராவது ஒருவரின் தலை வேண்டியிருந்தது.

ஐந்தாம் தேதி மதியம் டிராஃபிக் மேனேஜர் ஓட்டைக் காலுறையோடு என் அறைக்கு வந்து ஒரு உத்தரவைக் கொடுத்தார். சோழவந்தான் வண்டி ஆறு ஐந்து. அமல், ஒன்றாம் தேதி. உத்தரவில் போட்டிருந்த தேதியும் அதற்கு முந்தைய நாள்.

"இத ஏத்திருங்க தம்பி. அமல் தேதி ஒண்ணுதான், பாத்துப் போடுங்க."

தாளில் என்ன இருந்ததோ அதைத்தான் போட்டேன். அதில் பொய் எதுவும் நான் எழுதவில்லை. உங்களில் பலர் இதே வார்த்தையை என்னிடம் சொல்லப் போகிறீர்கள், அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன். நான் எழுதியதில் பொய்யே இல்லை. ஆனால் அன்றைக்கு மதியத்திலிருந்து என் கம்ப்யூட்டர் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் தேதி அந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று கேட்டால், ஆறு ஐந்து என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னது.

அந்த இரண்டு நாளும் வண்டி ஓட்டியவர் பாண்டி அண்ணன். மேற்கே வயல்காடு உள்ள குடும்பம், பதினோரு வருடச் சர்வீஸ். குறித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வண்டியை எடுத்ததாக அவருக்குக் குற்றச்சாட்டு மெமோ கொடுத்து, சஸ்பெண்டும் செய்துவிட்டார்கள். அவர் நேராக என் அறை வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினார்.

"மாப்ள, கம்ப்யூட்டரே சொல்லிருச்சுன்டு சொல்றாக. அன்னைக்குக் காலம்பற கம்ப்யூட்டர் ஆரப்பாளையத்துல வந்து நின்னுச்சா?"

"ஆர்டர்ல ஒண்ணாந்தேதின்னு இருக்குண்ணே."

"எங்கிட்ட ஆறாந்தேதிதான்யா சொன்னாக. அன்னைலருந்து ஆறு அஞ்சுக்குத்தான எடுத்தேன். பதினோரு வருசம் மாப்ள. என் தாள்ல ஒரு கீறல் கெடையாது. வேல போனாக்கூட வயக்காட்டப் பாப்பேன். ஆனா வண்டிய முந்தி எடுத்து ஓடிட்டான்டு பேரு வாங்கிட்டு எப்பிடிய்யா ஊருக்குள்ள நடக்குறது?"

அவர் போன பிறகு திரையை அலசினேன். ஐந்தாம் தேதி என்ற வார்த்தையே அந்த டேபிளில் எங்கும் இல்லை. உத்தரவு மேனேஜர் அறையிலிருந்து நேராக என் கைக்கு வந்தது, தபால் பதிவிலும் ஏறவில்லை. பதிவேடு இருந்திருந்தால் அதில் இருந்திருக்கும். பதிவேட்டை நிறுத்தியது யார் என்று உங்களுக்குத் தெரியும். வெட்கம் தாங்காமல் தபால் பிரிவுக்குப் போய் அக்காவின் முன்னால் நின்றேன்.

"இன்னொரு தேதி எங்கன்னு கேட்டேன்ல?" என்றார் அக்கா, உறை கிழிப்பதை நிறுத்தாமல். "அமலுக்கு வந்த தேதி ஒண்ணு. என் கைக்கு வந்த தேதி ஒண்ணு. ரெண்டும் ஒண்ணா இருக்குற நாளு ரொம்பக் கம்மி தம்பி. பெரியவுக எல்லாம் நேத்தைக்கே செஞ்சுட்டதா நெனச்சுக்கிட்டு இன்னைக்குத்தான் எழுதுவாக."

"இப்ப என்னக்கா பண்றது?"

"ரிஜிஸ்டர நிறுத்துனது நீ. நீயே சொல்லு."

விசாரணை நாள் வந்தது, காலை பதினொரு மணிக்கு. அதை நடத்த வெளியிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற அதிகாரியை வரவழைத்திருந்தார்கள், கே.கே. நகர்க்காரர். நேரம் தவறாதவர். ஒரு நிமிடம் முன்னால் வந்துவிட்டால் அந்த ஒரு நிமிடத்தையும் வாசலிலேயே கழித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். டிராஃபிக் மேனேஜர் எனக்கு முதல் நாளே வேலையைச் சொல்லிவிட்டார். பிரிண்ட் அவுட்டைக் கொடுக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு இன்னும் ஒரு மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதையும் அவர் நினைவுபடுத்தினார்.

நேரில் போய் "நான் ஐந்தாம் தேதிதான் ஏற்றினேன்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் வாய்க்கும் கம்ப்யூட்டர் தாளுக்கும் போட்டி என்றால், அந்தக் காலத்தில் தாள்தான் ஜெயிக்கும். ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில் எது அச்சாகி வந்தாலும் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. அந்த மரியாதையை முதலில் உடைக்க வேண்டும் என்று தோன்றியது. விசாரணைகளின் தேதி, நேரம் எல்லாம் இன்னொரு டேபிளில் இருந்தன. அதுவும் நான் கட்டியது, அதே அமல் தேதி, அதே முடிந்த தேதி. பத்தே முக்காலுக்கு உட்கார்ந்து அதில் ஒரு வேலை செய்தேன். உள்ளூரக் கொஞ்சம் குஷியாக இருந்தது, மறைப்பானேன்.

பதினொன்றுக்கு அதிகாரி உள்ளே வந்து உட்கார்ந்தார். எதிரே பாண்டி அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் டிராஃபிக் மேனேஜர். என்னைக் கூப்பிட்டார்கள். நான் இரண்டு தாள்களைக் கொடுத்தேன்.

அதிகாரி முதல் தாளைப் படித்தார். "சோழவந்தான் வண்டி, ஆறு ஐந்து, அமல் ஒன்றாம் தேதி. சரி." இரண்டாவது தாளை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது என்ன?"

"இன்னைக்கு விசாரணை நேரம் சார். பத்து மணி. போன திங்கட்கிழமைலருந்து அமல்."

"எனக்குப் பதினொன்றுன்னுதானே கடிதம் வந்தது?"

"ஆமா சார். ஆனா ரெக்கார்டுல பத்துன்னு இருக்கு. நீங்க ஒரு மணி நேரம் லேட்டா வந்திருக்கீங்க சார்."

தாமதமாக வந்தார் என்று அந்த மனிதரிடம் வாழ்க்கையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முகம் சிவந்துவிட்டது. டிராஃபிக் மேனேஜர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார்.

"யார் இந்த நேரத்தைப் போட்டது?"

"நான்தான் சார்."

"எப்போது போட்டாய்?"

"கால் மணி நேரத்துக்கு முந்தி சார்."

"போன திங்கட்கிழமைன்னு இருக்கிறதே?"

"என்ன தேதி கொடுத்தாலும் அது எடுத்துக்கும் சார். எப்பப் போட்டேன்னு எழுதி வைக்க அதுல எடமே இல்ல. அது என் தப்பு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக முதல் தாளை எடுத்து இரண்டாவது தாளின் பக்கத்தில் வைத்தார்.

"இதை எப்போது போட்டாய்?"

"அஞ்சாந்தேதி மத்தியானம் சார். புகார் வந்த பெறகு."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வண்டி புறப்படும் நேரத்தைக் குறித்து வைக்கும் ஆரப்பாளையம் டைம் கீப்பரின் தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். அதுவரை இரண்டாம் தேதித் தாளையும் மூன்றாம் தேதித் தாளையும் மட்டுமே எடுத்து வைத்திருந்தார்கள். முழு வாரமும் வந்தது. ஒன்று, நான்கு, ஐந்து ஆகிய தேதிகளில் ஓட்டியது வேறொரு டிரைவர். அவரும் ஐந்து ஐம்பதுக்குத்தான் எடுத்திருந்தார். ஆறாம் தேதியிலிருந்து ஆறு ஐந்து. டிராஃபிக் மேனேஜர் போனில் சொன்னதாக ஏதோ ஆரம்பித்தார். யாரிடம் சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்டதும் அவருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. பாண்டி அண்ணன் மேல் குற்றமில்லை என்று அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டார் அந்த நல்ல மனிதர். போகும்போது வாசலில் என்னை நிறுத்தி, "என்னை லேட் என்று சொன்ன அந்த வரியை உடனே சரி செய்துவிடு" என்று மட்டும் சொன்னார்.

எனக்கும் ஒரு மெமோ வந்தது. அலுவலகப் பதிவில் விளையாடியதற்காக. வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. நியாயமான தண்டனைதான், விளையாடியது உண்மைதானே. அந்த ஆறு மாதத்தில் எல்லா டேபிள்களையும் மாற்றினேன். வரிகளை அழிக்கவும் கூடாது, திருத்தவும் கூடாது. தவறாகப் போட்டாலும் அந்த வரியை முடித்துவிட்டுச் சரியான வரியைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அமல் தேதியோடு ஏற்றிய தேதியும் உண்டு. ஏற்றிய தேதியை நாம் தட்ட முடியாது, மெஷினே போட்டுக்கொள்ளும். அந்த மெஷினுக்குத் தினம் காலையில் இன்று என்ன தேதி என்று சொல்ல வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். அந்த வேலையை என்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. ரிஜிஸ்டர் அக்காவிடம் கொடுத்தேன். தினம் ஒன்பதரைக்கு வந்து, தேதியைத் தட்டிவிட்டு, தன் நோட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டு போவார். தட்டும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் டிராஃபிக் மேனேஜர் வந்தார். பாண்டியின் ஊழியர் பதிவில் அந்தக் குற்றச்சாட்டு இன்னும் இருக்கிறது, குற்றமில்லை என்று ஆன பிறகு அது எதற்கு, பாவம், அழித்துவிடுங்கள் என்றார். இவ்வளவு இரக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அந்த வரியில் உத்தரவு கொடுத்தவர் என்ற கட்டத்தில் அவர் பெயர் இருந்தது. அழிக்க முடியாது சார் என்றேன். அவரிடம் அப்படிச் சொல்வது சுகமாக இருந்தது.

மறுநாள் அதையே கேட்டுக்கொண்டு பாண்டி அண்ணனே வந்தார். அப்போது அந்தச் சுகம் போய்விட்டது.

"குத்தமில்லன்டு சொல்லிட்டாகல்ல மாப்ள. பெறகு எதுக்கு அது என் பேர்ல கெடக்கணும்? தட்டிவிட்டா போயிரும்ல?"

போய்விடும்தான். ஒரு தட்டு தட்டினால் போதும். அவர் கேட்பதில் என்ன தவறு? பதினோரு வருடம் கீறல் இல்லாமல் வைத்திருந்த தாள் அது. அவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என் புது விதியைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அந்த வரிக்குக் கீழேயே குற்றமில்லை என்ற வரியும் இருக்கிறது, முதல் வரியை அழித்தால் இரண்டாவதற்கு அர்த்தமே இருக்காது. நாளைக்கு யாராவது உங்களை ஏன் சஸ்பெண்ட் செய்தார்கள் என்று கேட்டால் காட்ட எதுவும் இருக்காது, யார் செய்தார்கள் என்பதும் சேர்ந்து போய்விடும் என்றேன்.

அவர் திரைப் பக்கம் குனிந்தார்.

"மேனேசரு பேரு இருக்கா அதுல?"

"இருக்குண்ணே. உத்தரவு போட்டவருன்னு."

"சரி, இருக்கட்டும். என் பேரும் இருக்கு. அந்தத் தேதிய உள்ள போட்டது நீதான மாப்ள, ஒன் பேரு எங்க?"

நான் திரையைப் பார்த்தேன். உத்தரவு போட்டவருக்குக் கட்டம் இருந்தது. டிரைவருக்கு இருந்தது. புகார் கொடுத்தவர்களுக்கு இருந்தது. அமலுக்கு வந்த தேதி இருந்தது, ஏற்றிய தேதி இருந்தது. ஏற்றியவனுக்குக் கட்டமே இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. நான்தான் தினமும் தட்டுகிறேன், என்னை எதற்குக் குறிக்க வேண்டும்?

பாண்டி அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்து போகிறவராகத் தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நேர டேபிளைத் திறந்து 'ஏற்றியவர்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். சோழவந்தான் வண்டியின் நேரத்துக்கு ஒரு புது வரி போட்டேன். ஒன்றாம் தேதி என்றிருந்தது தவறு, ஆறாம் தேதி என்பதே சரி. ஏற்றியவர் கட்டத்தில் என் பெயரைத் தட்டினேன். இதில் எது ஒன் பேரு என்று கேட்டு, காட்டியதும் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"சரி. வாரேன்," என்று எழுந்து போனார்.

மெஷின்கள் எத்தனையோ மாறிவிட்டன. ஒவ்வொரு முறையும் அந்த டேபிளை அப்படியே எடுத்து வந்திருக்கிறோம், இப்போது அது உங்களிடம் இருக்கிறது. திறந்து பாருங்கள். பாண்டி அண்ணன் விரல் வைத்த வரியிலிருந்துதான் 'ஏற்றியவர்' கட்டத்தில் பெயர் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வரிகளில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். தகவல் இல்லை என்று யாரும் குறிப்பெழுதிவிடாதீர்கள். அந்தக் காலியெல்லாம் நான்தான்.